ஆவியின் வழி

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர் தொலைவு. காணிப்பாக்கத்து விநாயகரை மனத்தால் வணங்கி, பூதலப்பட்டைக் கடந்து, சந்திரகிரிக் கோட்டை மதில்களைக் கண்டவாறே சென்றால் ஒன்றரை மணி நேரத்தில் ஏழுமலையின் அடிவாரத்தை அடைந்துவிடலாம். இந்தச் சாலையில் நமது சிறிய கார் எந்தெந்த இடத்தில், எந்தெந்த நேரத்தில் நின்றது என்பதற்கு நம்மிடம் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அந்தப் புத்தகத்தின் வரலாறே இக்கட்டுரை. சங்கத்தின் இலக்கிய மலரில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். பொறுமையோடு இறுதிவரை படித்தருளுமாறு வேண்டுகிறோம்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சொந்த ஊர் குடியாத்தம். 2021ஆம் ஆண்டில் மாற்றலாகிச் சித்தூருக்கு வந்தோம். 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் தோன்றும்வரை சென்னை மாநிலத்தோடு இருந்த ஊர் இது. கடைத்தெருவில் தமிழ் பேசினால் தமிழிலேயே மறுமொழி கிடைக்கும். ஆகவே அயலூர் என்னும் உணர்வு நமக்கு அதிகம் தோன்றவில்லை. உடன் வந்த அன்னையாருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. இரத்த அழுத்தத்துக்குப் பல்லாண்டுகளாக மாத்திரை உண்டு வருபவர். அண்மைக் காலமாகத் தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது. திருப்பதியில் ஒரு மருத்துவரிடம் மாதந்தோறும் காட்ட வேண்டியிருந்தது. பேருந்தின் படியேறி இறங்குவது அவருக்கு இயலாது என்பதால், பழைய கார் ஒன்றைக் கடன்பட்டு வாங்கினோம்.

தொல்லை தொடங்கியது 2023ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில். மருத்துவரிடம் செல்லும் நாளில் விடியற்காலையில் எழுந்து, அன்னையாரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, பெட்ரோல் பங்கில் டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு புறப்படுவது நமது வழக்கம். நெடுவழி செல்பவன் நிறைந்த டாங்கியோடு செல்ல வேண்டும் என்பது தந்தையார் கற்பித்த பாடம். அன்று ஊரெல்லை தாண்டுமுன், ஒரு மாட்டுவண்டிக்காக வேகத்தைக் குறைத்தபோது, எஞ்சின் இருமுறை குலுங்கி அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்பப் பல நிமிடங்கள் கழித்தே உயிர் வந்தது. அடுத்த மாதமும் அவ்வாறே. இடையில் அலுவலகம் செல்லும் வழியிலும் ஓரிரு முறை. முகப்பில் உள்ள எச்சரிக்கை விளக்கோ ஒருமுறையும் எரியவில்லை.

நமக்கு உடனே நினைவுக்கு வந்தவர் தந்தையார். அவர் குடியாத்தத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். 1980களின் இறுதியில், கோடை விடுமுறையில், திருமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும்போது சிறுவனாகிய நம்மையும் முன்னிருக்கையில் அமர்த்திக்கொள்வார். நண்பகல் வெயிலில் மலையேறும்போது வண்டி சில வேளை நின்றுவிடும். தந்தையார் பதற்றம் கொள்ளமாட்டார். மூடியைத் தூக்குவார், தோளில் கிடக்கும் துண்டைத் தண்ணீரில் நனைத்து எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றுவார், ஒரு பீடி புகைக்கத் தொலைவில் சென்று அமர்வார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இடுவதுபோல, எஞ்சினுக்கும் காய்ச்சல் வரும் போலும் என்று நாம் அப்போது எண்ணிக்கொண்டோம்.

அந்தக் காய்ச்சலின் காரணம் பிற்காலத்தில்தான் நமக்கு விளங்கியது. பெட்ரோல் என்பது ஒரே பொருளன்று. பல திரவங்களின் கலவை. அதில் இலேசான பகுதி சுமார் 35 பாகை வெப்பத்திலேயே ஆவியாகத் தொடங்கும். கனமான பகுதி ஆவியாக 200 பாகை வரை ஆகும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் பம்பு எஞ்சினோடு ஒட்டி நின்று, பின்னே உள்ள டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்தது. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழாகும். பம்பு திரவத்தை இழுக்க வல்லது. குமிழைப் பிடித்தால் அது சுருங்கி விரியுமேயன்றி நகராது. கார்புரேட்டர் வறண்டு எஞ்சின் நிற்கும். மலையேற்றத்தில் சூடு மிகுதி; ஓடிய வண்டியைச் சற்று நிறுத்தினால், விசிறியும் காற்றும் ஓய்ந்து மூடிக்குள் வெப்பம் இன்னும் ஏறும். ஆகவே இளைப்பாற நிறுத்திய வண்டியே மீண்டும் கிளம்ப மறுக்கும். ஈரத்துணி குமிழை மீண்டும் திரவமாக்கியது. உலகின் வேறு மூலைகளிலும் இத்தகைய கைவைத்தியங்கள் இருந்தன. அமெரிக்காவில் துணி உலர்த்தும் மரக் கவ்விகளைப் பெட்ரோல் குழாயில் வரிசையாகப் பூட்டிப் பார்த்தவர்கள் உண்டு.

தந்தையாரின் மருந்தை நாமும் கையாண்டோம். நனைத்த துண்டோடு மூடியைத் தூக்கிப் பார்த்தால், சுற்றுவதற்குப் பம்பையே காணோம்! இன்றைய வண்டிகளில் பம்பு டாங்கிக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. இழுப்பதை விட்டுத் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் மிகுதியாதலால் பெட்ரோல் எளிதில் கொதிப்பதில்லை. துண்டைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டோம்.

பின்னர் பட்டறைகளின் படியேறினோம். சித்தூரிலும் திருப்பதியிலுமாக மூன்று மெக்கானிக்குகள். மூவரும் நல்லவர்கள்; மூவருக்கும் தமிழ் தெரியும். ஆயினும் அவர்களிடம் நாம் சொன்னது ஒரே சொல்: "நின்றுவிடுகிறது." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் ஸ்பார்க் பிளக்குகளையும் பேட்டரியையும் மாற்றினார். இன்னொருவர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் மின்கம்பிகளைப் பிரித்துச் சேர்த்தார். மூன்று மாதச் சேமிப்பு கரைந்தது. வண்டி பட்டறையில் நிற்கவில்லை. வெளியே வந்ததும் நின்றது.

அடுத்து நமது சினம் பெட்ரோல் பங்கின்மேல் பாய்ந்தது. பெட்ரோலில் கலப்படம் செய்கிறீர்கள் என்று அங்கு நின்ற இளைஞனிடம் பலர் முன்னிலையில் கத்தினோம். இருபது வயதுகூட நிரம்பாத பிள்ளை. அவன் எதிர்த்துப் பேசவில்லை. வடிதாள் ஒன்றைக் கொண்டுவந்து, குழாய் நுனியைத் துடைத்துவிட்டு, அதன்மேல் ஒரு துளி பெட்ரோல் விட்டான். கேட்கும் வாடிக்கையாளருக்கு இச்சோதனையைச் செய்து காட்டுவது பங்குகளின் கடமை. கலப்படமற்ற பெட்ரோல் இரண்டொரு நிமிடத்தில் கறையின்றி மறைந்துவிடும். அந்தத் துளி நம் கண் முன்னே மறைந்தது. தாள் வெளுத்தது. ஆவியாய்ப் போன அந்தத் துளியே நமது வினாவுக்கு விடை என்பதை அறியாமல், கடுஞ்சொல் ஒன்றை எறிந்துவிட்டு வெளியேறினோம்.

அதனால் அடுத்த முறை மருத்துவரிடம் சென்றபோது சித்தூரில் பெட்ரோல் ஊற்றவில்லை. பூதலப்பட்டைத் தாண்டி வேறொரு பங்கில் டாங்கியை நிரப்பினோம். இனித் தொல்லையில்லை என்று மகிழ்ந்தோம். ஒரு கல் தொலைவு சென்றிருக்கமாட்டோம்; சாலைத் திருப்பத்தில் வேகம் குறைந்ததும் வண்டி குலுங்கி அடங்கியது. அக்கினி நட்சத்திர வெயில். நிழல் தரும் மரம் சற்றே எட்ட இருந்தது. உள்ளே வெப்பம் தாங்காமல் அன்னையார் கதவைத் திறந்து இறங்கி எழுந்து நின்றார். நின்றவர் அப்படியே தள்ளாடிச் சரளைக் கல்லின்மேல் விழுந்தார். நெற்றியில் காயம், வெள்ளைச் சேலையில் இரத்தம். வழியே சென்ற ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்து, அருகிலிருந்த மருத்துவரிடம் கொண்டு சேர்த்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கட்டுப் போட்டுக்கொண்டு அன்னையார் சொன்னார்: "மலையப்பனுக்கு என்னைப் பார்க்க மனமில்லையப்பா. அதனால்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்துகிறான்." ஒருமுறை திருமலைக்கு அழைத்துச் செல்லுமாறு அவர் ஓராண்டாகக் கேட்டு வந்தார். மலைப்பாதையில் வண்டி நின்றால் என்ன செய்வது என்னும் அச்சத்தால் நாம் நாள் கடத்தி வந்தோம். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது.

அலுவலக நண்பர் ஒருவர் சித்தூரின் எல்லையில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரைக் காட்டினார். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். தகரக் கொட்டகை, வேப்பமர நிழல், ஒரு முக்காலி. நாம் வழக்கம்போல், "நின்றுவிடுகிறது, பாய்" என்றோம்.

"எப்போ நிக்குது சார்?"

"அடிக்கடி நிற்கிறது."

அவர் சிரித்தார். "அடிக்கடிங்கறது ஒரு நேரமா சார்? காலையிலயா, மதியமா? ஓடும்போதா, மெதுவாப் போகும்போதா? டாங்கி நிறைஞ்சிருக்கும்போதா, காலியா இருக்கும்போதா? ஆபீசுல எழுதறவர்தானே நீங்க? ஒவ்வொரு தடவையும் எழுதிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் வண்டியத் தொடமாட்டேன்."

இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் தேதியும் நேரமும் குறித்து வயிறு வளர்ப்பவர் நாம். அந்தக் கலையை நமது சொந்தத் துன்பத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஆறு கட்டங்கள் வரைந்தோம்: தேதி, நேரம், வெயில், வேகம், டாங்கியின் அளவு, கடைசியாகப் பெட்ரோல் ஊற்றி எவ்வளவு நேரம்.

ஐந்து வாரங்களில் பதினொரு வரிகள் சேர்ந்தன. ஒரு ஞாயிறன்று அவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தபோது வெட்கமே மேலிட்டது. பதினொன்றில் ஒன்பது, பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடத்துக்குள் நிகழ்ந்தவை. எஞ்சிய இரண்டும், நண்பகல் வெயிலில் நெடுநேரம் நிறுத்தியிருந்த வண்டியை எடுத்தபோது. எல்லாமே வேகம் குறைந்த நேரங்கள். நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது ஒருமுறையும் இல்லை. மருத்துவரிடம் செல்லும் நாளில் மட்டும் வண்டி தவறாமல் நின்றதன் மருமமும் புலப்பட்டது: அந்த நாளில்தான் நாம் டாங்கியை நிறைத்தோம். மலையப்பன் மேல் குற்றமில்லை.

பாய் புத்தகத்தை வாங்கிப் படித்தார். தலையசைத்து, மூடியைத் தூக்கி, ஒரு கட்டைவிரல் அளவுள்ள கறுப்புப் பொருளைத் தொட்டுக் காட்டினார். "இதுதான் சார். கரி டப்பாவோட வாசக்கதவு."

அவர் விளக்கியதையும் பின்னர் நாம் படித்தறிந்ததையும் சேர்த்துக் கூறுகிறோம். டாங்கியில் பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகளில் அந்த ஆவி காற்றில் கலந்து போயிற்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1940களில் கண்ணெரிச்சலூட்டும் புகைமூட்டம் கவியலாயிற்று. அங்கு ஆய்வு செய்த ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர், இத்தகைய ஆவியும் வண்டிப் புகையும் வெயிலில் வினைபுரிந்தே அது உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதன் பயனாக 1970ஆம் ஆண்டின் புது வண்டிகளுக்குக் கலிபோர்னியாவிலும், மறு ஆண்டு அமெரிக்கா முழுவதிலும் ஆவியை அடைத்துவைக்கும் அமைப்பு கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியே இறுகின. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஆறாம் நிலை நடைமுறையில் உள்ளது.

அந்த அமைப்பு எளியது. டாங்கியின் ஆவி ஒரு குழாய் வழியே கரி நிறைந்த டப்பாவுக்குச் செல்லும். அது பதப்படுத்திய கரி. நம் தேங்காய்த் தொட்டியிலிருந்தும் அத்தகைய கரியைச் செய்கிறார்கள். ஒரு கிராம் கரியின் நுண்துளைகளை விரித்தால் ஐந்நூறு சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு ஆகுமாம். ஆவி அதில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். எஞ்சின் சூடேறி நன்றாக ஓடும் வேளையில், பர்ஜ் வால்வு என்னும் சிறு கதவு மின்சாரத்தால் திறக்கும். எஞ்சினின் உறிஞ்சும் விசை கரியிலுள்ள ஆவியை இழுத்து எரித்துவிடும். மற்ற நேரங்களில் அக்கதவு மூடியிருக்க வேண்டும்.

நமது வண்டியில் அது மூடவில்லை. பெட்ரோல் ஊற்றும்போது டாங்கியிலுள்ள ஆவி கரி டப்பாவை நோக்கியும் தள்ளப்படும். அந்நேரத்தில் கதவு திறந்து கிடந்தால், மெதுவாக ஓடும் எஞ்சின் காற்றுக்குப் பதிலாக ஆவியைக் குடித்து மூச்சுத் திணறும். விரைந்து ஓடும்போது காற்று மிகுதியாதலால் தாங்கிக்கொள்ளும். வெயிலில் நின்ற வண்டியின் டாங்கியில் ஆவி பெருகுவதால் நண்பகலிலும் அதே விளைவு. தந்தையார் காலத்தில் ஆவி வழியை மறித்ததால் பெட்ரோல் இன்றி எஞ்சின் நின்றது. நம் காலத்தில் ஆவி மிகுந்ததால் காற்று இன்றி நின்றது.

பாய் செய்த சோதனையும் எளியதே. எஞ்சினை ஆறவிட்டு, மீண்டும் கிளப்பி, வால்வுக்கு வரும் மின்னிணைப்பைக் கழற்றினார். கரி டப்பாவிலிருந்து வரும் குழாயை உருவி, வால்வின் வாயில் நம்மையே விரல் வைக்கச் சொன்னார். விரலை அது உறிஞ்சியது. மின்சாரமில்லாத கதவு மூடியிருக்க வேண்டும். உறிஞ்சினால் பழுது என்று பொருள். உடனே குலுங்கிய எஞ்சின், விரலால் துளையை அடைத்ததும் சீராக ஓடலாயிற்று. அந்த ஓசையை நாம் மறக்கமாட்டோம்.

இன்னொரு வகைப் பழுதும் உண்டென்றார். கரி டப்பா வெளிக்காற்றை வாங்கும் துவாரம் சேற்றாலோ பூச்சிக் கூட்டாலோ அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று புகாமல் வெற்றிடம் உண்டாகும். பம்பு இழுக்க முடியாமல் தவித்து, சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே பாயும்; உடனே கிளம்பும். "அது நிக்கிற நேரம் வேற, இது நிக்கிற நேரம் வேற சார்" என்றார். பங்கில் குழாய் தானே நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் என்று விளிம்புவரை ஊற்றும் நமது பழக்கத்தையும் கண்டித்தார். அப்படி ஊற்றினால் ஆவிக்கென வைத்த கரியில் பெட்ரோலே புகுந்து அதைக் கெடுத்துவிடும்.

புது வால்வின் விலை ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். கூலியாகப் பாய் கேட்டது இருநூறு. மறுநாள் டாங்கியை நிறைத்து, நத்தைபோல் ஊர்ந்து ஊரைச் சுற்றினோம். வண்டி நிற்கவில்லை. அந்தப் பங்குக்குச் சென்று இளைஞனைத் தேடினோம். "தப்பு எங்கள் வண்டியில்தான் தம்பி, அன்று பேசியதை மன்னித்துவிடு" என்றோம். அவனுக்கு நம்மை நினைவிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்துவிட்டான். அது நமக்குத் தண்டனையாகவே இருந்தது.

அன்றிரவு தந்தையாரை நினைத்துக்கொண்டோம். அவரிடமிருந்து நாம் கற்றது ஈரத்துணி மட்டுமே. நண்பகலில், ஏற்றத்தில், நிறுத்தி எடுக்கும்போது என்று நேரத்தையும் இடத்தையும் அறிந்த பிறகே அவர் துணியை நனைத்தார். அந்த அறிவு அவருடைய உள்ளத்தில் இருந்தது. சிறுவனின் கண்ணுக்குத் துணிதான் தெரிந்தது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்து பி.ஏ. பட்டம் பெற்ற நமக்கு, அதன் பொருளை ஒரு தகரக் கொட்டகையில்தான் கற்க வேண்டியிருந்தது.

நினைவு அங்கே நிற்கவில்லை. அன்னையாரின் தலைச்சுற்றலுக்கும் மாதந்தோறும் மருத்துவரிடம் நாம் சொல்லி வந்தது ஒரே சொல்தான்: "அடிக்கடி வருகிறது." புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புதிய கட்டங்கள் வரைந்தோம். நேரம், உணவு, மாத்திரை, படுத்திருந்தாரா, நின்றாரா. மூன்று வாரத்தில் அங்கும் ஒரு வரிசை தெரிந்தது. காலை மாத்திரை உண்ட இரண்டு மணி நேரத்துக்குள், நெடுநேரம் அமர்ந்தோ படுத்தோ இருந்துவிட்டுச் சட்டென்று எழும்போதே தலை சுற்றுகிறது. மருத்துவர் அந்தப் பக்கங்களைக் கவனமாகப் படித்தார். அமர வைத்து ஒருமுறையும், நிற்க வைத்து ஒருமுறையும் இரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றினார். எழுமுன் கால்களைத் தொங்கவிட்டுச் சற்று அமர்ந்திருக்கச் சொன்னார். தலைச்சுற்றல் முழுவதும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டோம். அதன்பின் அவர் விழவில்லை.

அவ்வாண்டு மார்கழியில் திருமலைக்கு அழைத்துச் சென்றோம். 1974ஆம் ஆண்டில் திறந்த இரண்டாம் பாதையில் ஏறி, 1944ஆம் ஆண்டின் பழைய பாதையில் இறங்கினோம். தந்தையார் துண்டை நனைத்த வளைவு எதுவென்று தேடினோம். எல்லா வளைவும் ஒன்றுபோலவே இருந்தன. அன்னையார் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அலிபிரியில் மலையிறங்கியதும் ஓரமாக ஒரு கார் மூடி திறந்து நின்றது. இளைஞன் ஒருவன் கையைப் பிசைந்து நிற்க, மனைவி கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். வண்டியை ஓரங்கட்டி இறங்கி, நமது அலுவலகத் தெலுங்கில் கேட்டோம்: "எப்புடு ஆகிந்தி, பாபு?"

அவன் சொல்ல வாயெடுக்குமுன், பின்னிருக்கையிலிருந்து அன்னையாரின் குரல் வந்தது: "பெட்ரோல் போட்டதுக்கு அப்புறமா என்று கேளப்பா."